ஆகஸ்ட் லாங் வீக்கெண்டில் கிம்லி ஐஸ்லாந்து விழா: அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

உறையூர்க்காரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பிப்ரவரியில் வேலை மாறி டொராண்டோவிலிருந்து வின்னிபெக் வந்தோம். பிப்ரவரியில் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்க வேண்டாம், அதற்கு என்னிடமே பதில் இல்லை. மே மாதம்வரை வீடு, ஆபீஸ், மளிகைக் கடை என்று மூன்றே இடங்கள்தான். இப்போதுதான் ஊர் கண்ணில் படுகிறது.

மே கடைசியில் அம்மா திருச்சியிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருக்கிறார். அப்பாவுக்கும் டிக்கெட் போடுகிறேன் என்றேன். "ஐஸ் பெட்டிக்குள் வந்து உட்கார எனக்கென்ன தலையெழுத்தா" என்று உறையூரிலேயே இருந்துவிட்டார். மகளுக்கு ஏழு வயது. பள்ளியில் வைக்கிங் என்ற பழங்கால வட ஐரோப்பியக் கடலோடிகள் பற்றி ஏதோ சொல்லிக்கொடுத்ததிலிருந்து தோசைக் கரண்டியைக் கோடரியாகப் பிடித்துக்கொண்டு திரிகிறாள்.

ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர், ஆகஸ்ட் முதல் வாரம் வின்னிபெக் ஏரிக்கரையில் இருக்கும் கிம்லி என்ற ஊரில் ஐஸ்லாந்துக்காரர்களின் விழா நடக்கிறது, கட்டாயம் போ என்கிறார். விழாவின் பெயர் ஈஸ்லெண்டிங்கதாகுரின். மூன்று முறை சொல்லிக் காட்டினார், நான் மூன்று முறையும் தலையை மட்டும் ஆட்டினேன்.

போனவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு நாள்தான் போக முடியும் என்றால் எந்த நாள்? அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி, அதிகம் நடக்க முடியாது. சுத்த சைவம் வேறு. அப்புறம், இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது: அது அவர்களுக்குள் கூடும் குடும்ப விழா மாதிரி இருக்குமா? நாம் நாலு பேர் போய் நின்றால் கல்யாணத்துக்கு அழைக்காமல் போனவர்கள் மாதிரி முழிக்க வேண்டியிருக்குமா?

பேச்சிப்பாறை பதில்:

தம்பி, முதலில் உங்கள் அம்மாவிடம் ஒன்றைச் சொல்லிவைத்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் அடிக்கடி யாராவது "அம்மா, அம்மா" என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பிப் பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

விளையாட்டில்லை. ஐஸ்லாந்து மொழியில் அம்மா என்றால் பாட்டி. அவர்கள் இங்கே வந்து 5 தலைமுறை ஆகிவிட்டது, மொழி பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் அந்த ஒரு சொல்லை விடவில்லை. தலைமுடி வெள்ளிக்கம்பியாக மின்னும் நாலு வயதுப் பொடியன் ஒருத்தன் என் பக்கம் "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். நான் கையை விரித்துவிட்டேன். அவன் என்னைத் தாண்டிப் பின்னால் நின்ற பாட்டியின் இடுப்பைக் கட்டிக்கொண்டான். 2011இல் நான் முதல்முறை போனபோது நடந்தது. இன்னும் நினைத்தால் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வரும்.

தாத்தாவுக்கு என்ன தெரியுமா? எழுதுவது அஃபி. நடுவில் வரும் எஃப் அவர்கள் வாயில் வி ஆகிவிடும். ஆக, பாட்டி அம்மா, தாத்தா ஆவி. உங்கள் அப்பா வராததும் ஒரு வகையில் நல்லதுதான்.

நான் ஐந்து முறை போயிருக்கிறேன். முதல்முறை கூட்டிக்கொண்டு போனவர் எங்கள் பக்கத்து வீட்டம்மா. நாங்கள் வந்த வருடம் டிசம்பரில், கதவைத் திறந்தால் குளிர் முகத்தில் அறையும் ஒரு சாயங்காலம், எங்கிருந்தோ ஏலக்காய் வாசம் வந்தது. யாரோ நம்மவர் பாயசம் வைக்கிறார் என்று நினைத்துத் தெருவில் இறங்கி மோப்பம் பிடித்தேன். கடைசியில் பார்த்தால் பக்கத்து வீடு. ஐஸ்லாந்து வம்சாவளிப் பெண்மணி, அப்போதே எழுபது தாண்டியவர். அடுப்பில் உலர்ந்த பிளம் பழம் வெந்து கூழாகிக்கொண்டிருந்தது, பக்கத்தில் உரலில் இடித்த ஏலக்காய். வீனர்தெர்த்தா செய்துகொண்டிருந்தார். பிஸ்கட் மாவு போன்றதை மெல்லிய தகடாகத் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொன்றாகச் சுட்டு, நடுவில் இந்தப் பழக்கூழைத் தடவி அடுக்க வேண்டும். ஏழு அடுக்கு. சுட்ட அன்றே தின்றால் பலகை மாதிரி இருக்கும். நாலைந்து நாள் சுற்றி வைத்தால் கூழின் ஈரம் ஏறிப் பதமாகும். அன்று அவர் மாவுக்கட்டையை என் கையில் கொடுத்தார். சப்பாத்தி தேய்த்துப் பழகிய கை பாருங்கள், என் தகடுகள் வட்டமாக வந்தன. அவருக்கு வேண்டியது நீள்சதுரம். ஓரத்தை வெட்டி வெட்டிச் சலித்துப்போனார்.

வெளியே போகிற இடத்தில் இதைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லிவிடாதீர்கள். மேலே சர்க்கரைப் பூச்சு வேண்டுமா கூடாதா என்பதில் குடும்பங்கள் இரண்டு கட்சி. நம்மூரில் சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று கேட்பது போன்ற ஆபத்தான கேள்வி அது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரே நாள் என்றால் திங்கட்கிழமை போங்கள். வெள்ளியிலிருந்து திங்கள்வரை நான்கு நாள் விழாதான், ஆனால் சனி ஞாயிறில் நடப்பது எந்த ஊர்த் திருவிழாவிலும் கிடைக்கும்: பாட்டு, கடை, கூட்டம். திங்கள் காலை சென்டர் தெருவில் ஊர்வலம். மதியத்துக்கு மேல் கிம்லி பூங்காவில் மரபு நிகழ்ச்சி. அதுதான் விழாவின் உயிர்.

அந்த மேடைக்கு ஒரு பெண்மணி வருவார். வெள்ளை அங்கி, அதன் மேல் பச்சைப் போர்வை, தலையில் கிரீடம். இரு பக்கமும் இரண்டு இளம்பெண்கள். அவரை ஃபியால்கோனா என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் மலைப்பெண். நான் மலைமகள் என்றே வைத்துக்கொண்டேன். நாம் தமிழன்னை என்று மொழியைப் பெண்ணாக்கினோம், அவர்கள் ஐஸ்லாந்து நாட்டைப் பெண்ணாக்கியிருக்கிறார்கள். 1924இலிருந்து இந்த விழாவில் ஆண்டுக்கு ஒரு மலைமகள். அழகிப் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். சமூகத்துக்கு உழைத்த ஒரு மூத்த பெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், பெரும்பாலும் பேரன் பேத்தி எடுத்தவர். கிரீடம் வைத்த பாட்டியைப் பார்த்து ஊரே எழுந்து நிற்கிற காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பிறகு ஐஸ்லாந்தை வாழ்த்தி ஒரு உரை, கனடாவை வாழ்த்தி ஒரு உரை, இரண்டு நாட்டுப் பண்களும். ஐஸ்லாந்துப் பண் சுருதி ஏறி ஏறிப் போகும். பாதிப் பேர் நடுவில் வாயை மட்டும் அசைப்பார்கள், மேடைக்கு அருகில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்.

அழையா விருந்தாளி என்ற கவலையை விடுங்கள். இந்த விழா 1890இல் வின்னிபெக்கில்தான் தொடங்கியது, 1932இல் கிம்லிக்குப் போனது. இன்றைக்கு வருகிற கூட்டத்தில் யார் ஐஸ்லாந்து வம்சம், யார் உக்ரைன் வம்சம், யார் சும்மா ஏரியில் குளிக்க வந்தவர் என்று அவர்களுக்கே தெரியாது.

ஆனால் எதற்காகக் கொண்டாடுகிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பார்க்கிற கண்ணே மாறும். 1875 மார்ச்சில் ஐஸ்லாந்தில் அஸ்கியா எரிமலை வெடித்துக் கிழக்குப் பகுதி மேய்ச்சல் நிலமெல்லாம் சாம்பல் மூடியது. ஏற்கெனவே வறுமை, அதன் மேல் இது. கனடாவுக்குக் கிளம்பியவர்களில் ஒரு கூட்டம் முதலில் ஒன்டாரியோவில் இருந்து பார்த்துச் சரிப்படாமல், மேற்கே வந்து, சிவப்பாற்றில் தட்டைப்படகுகளில் இறங்கி, அக்டோபர் 21 அன்று கிம்லிக்குச் சற்றுத் தெற்கே வில்லோ முனையில் கரையேறியது. 200க்கும் மேற்பட்டவர்கள். அக்டோபர் 21! நீங்கள் பிப்ரவரியில் வந்ததற்கே புலம்புகிறீர்கள். அவர்களுக்கு வீடே கிடையாது. மரத்தை வெட்டிக் குடிசை போடுவதற்குள் ஏரி உறைந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் பலர் செத்தார்கள். பிழைத்தவர்கள் வைத்த பெயர்தான் கிம்லி. அவர்களுடைய பழங்கதையில் உலகம் அழிந்த பிறகு நல்லவர்கள் வாழப்போகும் பொன்கூரை மாளிகையின் பெயர். நடுங்கிக்கொண்டே வைத்திருப்பார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டம்மா இதையெல்லாம் காரை ஓட்டிக்கொண்டே சொன்னார், ஏதோ போன மாதம் நடந்த மாதிரி. "வண்டியில் ஹீட்டர் போட்டுக்கொண்டு இதைச் சொல்லக் கூடாது" என்று நடுவில் அதை அணைத்தார். ஆகஸ்ட் மாதம் அவர் ஹீட்டர் போட்டிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் உங்களுக்குப் பிடிக்கும். ஐஸ்லாந்தில் குடும்பப் பெயர் வழக்கம் பெரும்பாலும் இல்லை. அப்பா ஜோன் என்றால் மகன் ஜோன்சன், மகள் ஜோன்ஸ்டாட்டிர். நம் இனிஷியல் கதைதான். இங்கே வந்ததும் கனடாக் காகிதங்களில் அந்த அப்பா பெயர் அப்படியே உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. எனக்கும் அதே கதை. நான் வந்த முதல் வாரம் ஒரு அலுவலகத்தில் என் அப்பாவின் பெயரை என் பெயராக்கி ஓர் அட்டை கொடுத்தார்கள். இன்றைக்கும் வங்கியிலிருந்து போன் வந்தால் என்னை "திருமதி" சேர்த்து அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

மகளுக்கு: வார இறுதி முழுக்க வைக்கிங் கிராமம் என்று கூடாரம் போட்டு, கம்பளி நூற்பவர், இரும்பு அடிப்பவர், கேடயத்தோடு சண்டை போட்டுக் காட்டுபவர் என்று ஒரு பட்டாளம் இருக்கும். அவள் அங்கிருந்து நகர மாட்டாள். துறைமுகத்தில் ஒரு விளையாட்டு உண்டு. நம்மூர் வழுக்குமரத்தைப் படுக்கப்போட்டுத் தண்ணீருக்கு மேல் நீட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் அதில் எதிரெதிரே உட்கார்ந்து மூட்டையால் அடித்துக்கொள்வார்கள், ஒருவர் ஏரியில் விழும்வரை. எங்கள் வீட்டுக்காரர் ஒருமுறை இறங்குகிறேன் என்று கிளம்பினார். பையன்தான் காலைப் பிடித்துக்கொண்டான்.

சாப்பாடு பற்றி அம்மாவிடம் முன்பே பேசிவிடுங்கள். இது ஆட்டுக்கறியும் மீனும் ஆளும் உலகம்.

ஒடியல் பதில்:

நான் நோர்வேயில், பெர்கனில் 11 வருடம் இருந்து பிறகு கனடா வந்தவன். அங்கே எங்கள் ஆட்கள் கன பேர். நோர்வேயின் தேசிய நாளான மே 17 ஊர்வலத்தில் எங்கள் பிள்ளைகளும் கொடி பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த ஞாபகத்தில்தான் மூன்று வருடத்துக்கு முன் கிம்லிக்குப் போனேன். போய் ஒரு கிழவரிடம் நோர்வே பாஷையில் வணக்கம் சொன்னேன். அவர் மிகவும் மரியாதையாக, ஆங்கிலத்தில், "தம்பி, நாங்கள் அவர்களிடமிருந்து தப்பித்துத்தான் ஐஸ்லாந்துக்கே போனோம்" என்றார். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பேச்சிப்பாறை அக்கா எழுதியதற்குக் கூட ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைக்குக் கடையில் கொம்பு வைத்த பிளாஸ்டிக் தொப்பி வாங்கிக் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் வைக்கிங்குகள் சண்டைக்குக் கொம்பு வைத்த தலைக்கவசம் போட்டதற்குச் சான்று கிடையாது. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசை நாடக மேடையின் உடுப்பலங்காரத்தால் பரவிய விஷயம் அது. தவிர, 1875இல் கிம்லியில் இறங்கியவர்கள் வாள் பிடித்த ஆட்கள் இல்லை. ஆடு மேய்த்தவர்கள், மீன் பிடித்தவர்கள், பெட்டியில் துணியோடு புத்தகம் அடுக்கிக்கொண்டு வந்தவர்கள். வந்து இரண்டு வருடம் ஆகவில்லை, தின்னச் சரியான சாப்பாடு இல்லை, 1877இல் ஃப்ராம்ஃபாரி என்று ஐஸ்லாந்து மொழியில் பத்திரிகை அச்சடித்தார்கள். எனக்குக் கிம்லியில் நிற்கும் வைக்கிங் சிலையைவிட இது பெரிசு. அந்தச் சிலை 1967இல் வந்தது, ஐஸ்லாந்து ஜனாதிபதியே வந்து திறந்துவைத்தார், படம் எடுக்க நல்ல இடம், அவ்வளவுதான்.

அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் மனம் கனத்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஒரு காலத்தில் வின்னிபெக்கில் ஐஸ்லாந்து மொழியில் இரண்டு வாரப் பத்திரிகைகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு ஓடின, ஹெய்ம்ஸ்கிரிங்லா ஒன்று, லோக்பெர்க் ஒன்று. 1959இல் இரண்டும் ஒன்றாகிவிட்டன. இன்றும் வருகிறது, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். விழாவிலும் காதில் விழுந்தது ஆங்கிலம்தான். நானும் சனிக்கிழமை தோறும் பிள்ளையைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போகிறவன். ஐந்தாம் தலைமுறையில் என்ன மிஞ்சும் என்று அங்கே நின்று கணக்குப் பார்த்தேன். அம்மா என்ற சொல்லும் ஒரு பலகாரமும்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் மூன்று துண்டு வீனர்தெர்த்தா தின்றேன்.

பேச்சிப்பாறை பதில்:

ஒடியல், நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். மானிடோபா பல்கலைக்கழகத்தில் ஐஸ்லாந்து மொழிக்கென்றே ஒரு துறை இருக்கிறது, சமூகமே காசு திரட்டி 1951இல் இருக்கை அமைத்தது. எங்கள் பக்கத்து வீட்டம்மாவின் பேத்தி அங்கே படித்துவிட்டுப் போன வருடம் அவள் அம்மாவிடம், அதாவது பாட்டியிடம், ஐஸ்லாந்து மொழியில் போன் பேசினாள். அவருக்குப் பாதிதான் புரிந்ததாம். "என் அம்மாவின் வசவுச் சொற்கள் எதையும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை, அப்புறம் என்ன பட்டம்" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

உறையூர்க்காரன் கேட்டது:

இருவருக்கும் நன்றி. அக்கா, அம்மா முட்டையும் சேர்க்க மாட்டார். கேக்கில் முட்டை இருந்தால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்போது அந்த ஏழு அடுக்கு?

பேச்சிப்பாறை பதில்:

முட்டை உண்டு தம்பி. சுருட்டின மெல்லிய ஆப்பம் மாதிரி பன்னக்கோகுர் என்று ஒன்று, உள்ளே பழுப்புச் சர்க்கரை தூவித் தருவார்கள், அதிலும் முட்டை உண்டு. புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உங்களுக்குப் பொரித்த பிக்கரெல் மீன் கிடைக்கும், அதை விட்டுவிட்டு வந்தால் மகாபாவம். காய்ந்த மீன் ஒன்று பாக்கெட்டில் விற்பார்கள், வெண்ணெய் தடவித் தின்ன வேண்டும். என் மாமியார் நாகர்கோவில்காரர், அதை ஒரு வாய் மென்றுவிட்டு, "கருவாட்டைக் குழம்பு வைக்கத் தெரியாமல் பச்சையாய்த் தின்கிறார்களே பாவம்" என்றார்.

இரவுப்பணி பதில்:

அந்தப் பக்கம் இரண்டு வருடம் நர்ஸாக இருந்தேன், அதனால் முழங்கால் விஷயத்தை என்னிடம் விடுங்கள். மடக்கு நாற்காலி இரண்டு காரில் போட்டுக்கொள்ளுங்கள், புல்லில் உட்கார வைத்தால் எழுப்ப நாலு பேர் வேண்டும். வின்னிபெக்கிலிருந்து 8ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். திங்கள் ஊர்வலம் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டரைக்குள் ஊருக்குள் இருங்கள். அதற்கப்புறம் போனால் காரை எங்கோ விட்டு நடக்க வேண்டும். அம்மாவை முதலில் பூங்கா வாசலில் இறக்கி, மருமகளை உடன் விட்டு, நீங்கள் மட்டும் போய் வண்டியை நிறுத்துங்கள். தொப்பி, தண்ணீர், கொசு மருந்து. ஏரிக்காற்றில் வெயில் உறைக்காது, சாயங்காலம் கண்ணாடி பார்த்தால்தான் தெரியும்.

ஏரியைக் குளம் என்று நினைத்துக் குழந்தையை விட்டுவிடாதீர்கள். அக்கரை கண்ணுக்குத் தெரியாது, 24,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆனால் சராசரி ஆழம் 12 மீட்டர்தான். அதனாலேயே காற்றடித்தால் சட்டென்று அலை எழும்பும். பழைய மீனவர்கள் கடலைவிட இதற்குப் பயப்படுவார்கள்.

மகள் வைக்கிங்கில் சலித்துவிட்டால் விமானக் கதை சொல்லுங்கள். 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் 767 விமானம், எரிபொருளைக் கிலோவில் கணக்கிடுவதற்குப் பதில் பவுண்டில் கணக்கிட்டுப் பாதி அளவோடு கிளம்பிவிட்டது. 41,000 அடியில் இன்ஜின்கள் நின்றன. விமானி காகிதப் பட்டம் மாதிரி மிதக்கவிட்டே கிம்லியின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். அன்று அந்த ஓடுபாதையில் கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது! 69 பேரும் பிழைத்தார்கள். அதற்கென்றே ஊருக்குள் சிறிய காட்சியகம் இருக்கிறது. அலகு எழுதாமல் விடைத்தாள் கொடுக்கும் என் பையனுக்கு இதைச் சொல்லித்தான் வழிக்குக் கொண்டுவந்தேன்.

பேச்சிப்பாறை அக்கா, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். அவர்கள் கரையேறியபோது அது ஆளில்லாத காடு இல்லை. சோல்ட்டோ, கிரீ என்ற பூர்வகுடி மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். உறைந்த ஏரியில் மீன் பிடிப்பது எப்படி என்பதையெல்லாம் அவர்களிடம்தான் இவர்கள் கற்றார்கள். 1876இல் பெரியம்மை வந்தது. ஐஸ்லாந்துக்காரர்கள் சுமார் 100 பேர் இறந்தார்கள். பக்கத்தில் சாண்டி பார் என்ற இடத்தில் இருந்த பூர்வகுடிக் குடியிருப்பையே நோய் துடைத்துவிட்டது. ஜான் ராம்சே என்ற சோல்ட்டோக்காரர், தன் நிலம் பறிபோன பிறகும் வந்தவர்களுக்கு இறைச்சி வேட்டையாடிக் கொடுத்தவர், மனைவி பெட்சியை அதில் இழந்தார். அவர் மனைவிக்கு வைத்த வெள்ளைப் பளிங்குக் கல் ரிவர்டன் என்ற ஊர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது. எங்கள் வார்டில் ஒரு முதியவர் சொல்லித்தான் போய்ப் பார்த்தேன். வெள்ளை வேலிக்குள் ஒற்றைக் கல். விழா மேடையில் இந்தப் பெயர் ஒலிக்குமா என்று நான் போன இரண்டு வருடமும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் காதில் விழவில்லை.

பேச்சிப்பாறை பதில்:

உண்மை. பக்கத்து வீட்டம்மா சொன்ன கதையை அப்படியே ஒப்பித்துவிட்டேன். அடுத்த முறை ரிவர்டன்வரை போகிறேன்.

உறையூர்க்காரன் பதில்:

போய்விட்டு வந்தோம். இரண்டு நாளாகியும் மூக்கு உரிகிறது, இரவுப்பணி சொன்னது சரிதான்.

எட்டரைக்குள் போக முடியவில்லை. புளிசாதம் கிளற ஆரம்பித்தால் அம்மா அப்பளமும் பொரிப்பார் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஊர்வலத்தின் வால்பகுதிதான் கிடைத்தது. மகளுக்கு அது போதும், லாரி ஒன்றிலிருந்து மிட்டாய் வீசினார்கள்.

மலைமகள் மேடைக்கு வந்தபோது கூட்டம் எழுந்தது. அம்மா நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். நான் உட்காரச் சொன்னேன். "எல்லாரும் நிற்கும்போது நான் மட்டும் எப்படிடா உட்காருவது, அம்மன் புறப்பாடு மாதிரி இருக்கிறது" என்றார். பண் முடியும்வரை நின்றார். அந்த உயரமான சுருதியில் எனக்கு முன்வரிசைக்காரர் வாயை மட்டும்தான் அசைத்தார், அக்கா.

நான் எழுத வந்தது வேறு. மதியம் மரத்தடியில் புளிசாதம் பிரித்தோம். பக்கத்துப் பெஞ்சில் எண்பது வயதிருக்கும் ஒரு பாட்டி தனியாக உட்கார்ந்திருந்தார், கையில் காகிதக் கோப்பையில் கறுப்புக் காப்பி. பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்தார். காப்பியில் போடவில்லை. முன்பல்லுக்கு நடுவில் கடித்துப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகவே காப்பியை உறிஞ்சினார். அம்மா சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அப்புறம் என் கையைத் தட்டி, "எங்க ஆத்தா கருப்பட்டியைக் கடிச்சுக்கிட்டு இப்படித்தாண்டா குடிக்கும்" என்றார். அதை அந்தப் பாட்டியிடம் சொல்லச் சொன்னார். கருப்பட்டியை ஆங்கிலத்தில் விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. பாட்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பையிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். என் மனைவி ஓடிப்போய் ஒரு காப்பி வாங்கி வந்தாள். இருவரும் உட்கார்ந்து குடித்தார்கள். ஒரு மணி நேரம் இருக்கும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன பேசினார்கள் என்று கேட்டால், "அவளுக்கும் முட்டிதான்" என்கிறார்.

வீனர்தெர்த்தா ஒரு துண்டு வாங்கினோம். அம்மா தின்னவில்லை, தட்டைத் தூக்கிப் பார்த்து அடுக்கை எண்ணி, ஏழு சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். முட்டையில்லாமல் பேரீச்சம்பழம் வைத்து முயற்சி செய்யப் போகிறாராம். ரிவர்டனுக்கு நேரமில்லை. செப்டம்பரில் போக எண்ணம்.

நேற்று இரவு அப்பாவுக்கு வீடியோ கால். மகள் போனைப் பிடுங்கி, கொம்புத் தொப்பியோடு முகத்தைக் காட்டி, "ஹலோ ஆவி, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அப்பா சொன்னார்: "இன்னும் ஆகலடி. இட்லி ஊத்தி வச்சிருக்கேன்."

ஒடியல், தலைக்கவச விஷயத்தையும் சொல்லிப் பார்த்தேன். தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்கிறாள்.